தங்கை ஊட்டிய சோறு

ஆட்டிசக் குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி தரும் அந்தப் பெண், சனிக்கிழமைதோறும் ஈப்போவிலிருந்து சித்தியவான் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். கைகளில் பழைய கடித் தழும்புகள் இருக்கும். நாற்காலி போட்டாலும் தரையில்தான் உட்காருவார்.

என் மகள் நான் ஊட்டினால் மட்டுமே சாப்பிடுவாள். எனக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்த பிறகு அவரிடம், "அவளப் பேச வைங்க. அவ வாயால ஒரு தடவ அம்மான்னு கேட்டுட்டுப் போயிடறேன்," என்றேன்.

"பேச்சு வருமான்னு தெரியலக்கா. மொதல்ல உங்க தங்கச்சி கையால சாப்பிடட்டும்லா," என்றார்.

அன்று அவரை வெறுத்தேன்.

மாதக்கணக்கில் தங்கையின் தட்டு பறந்தது. சிதறிய சோற்றை அவரே அள்ளினார். போன வாரம் தங்கை ஊட்டியதை மகள் வாங்கிச் சாப்பிட்டாள். என்னைத் தேடவே இல்லை. "பண்டாய், கெட்டிக்காரி!" என்று கைதட்டப் போனவர், என் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார்.

பிறகு நான்தான் கைதட்டினேன்.