காலியாக வைக்கக் கூடாது

என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார். புதுச்சேரியில் வாக்கப்பட்ட ஒருத்தி இதைச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் போட்டிருக்கும் பட்டறைதான். பகலெல்லாம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிவிட்டு வருவார். காபியைக் குடித்த கையோடு போய்ச் சொந்த லேத்தின் முன்னால் நிற்பார். ஒதியம்பட்டில் எங்கள் தெருவில் பாதி வீட்டுக் கதவுகளுக்கு அவர் செய்த கொண்டிதான்.

போன வருஷம் ஒரு ஏர் ரைபிள் வாங்கி வந்தார். கைப்பம்பால் காற்றடித்துச் சுடுவது. வாழைக்குப் பின்னால் மண்மூட்டையை அடுக்கி, பெயின்ட் டப்பாவை வைத்துச் சுட்டார். தொலையட்டும் என்று விட்டேன். அத்தோடு நின்றாரா மனுஷன்? போனில் எவனோ செய்ததைப் பார்த்துவிட்டு, அதை ‘புல்பப்’ ஆக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தார். அதாவது பின்கட்டையை எடுத்துவிட்டு, விசையை முன்னுக்குக் கொண்டுவந்துவிடுவது. துப்பாக்கி குட்டையாகிக் கைக்கு அடக்கமாகிவிடும். ஆனால் குண்டு போடும் இடம் சுடுகிறவர் கன்னத்தை ஒட்டி வந்துவிடும்.

“கன்னத்துக்கு பக்கத்துலயா? கண்ணுக்கு இன்னா கதி?” என்றேன்.

நான் வில்லியனூர் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களுக்குச் சொட்டுமருந்து விடுவதும் எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்வதும் என் வேலை. ஒருமுறை திருவிழாவில் பலூன் சுடும் துப்பாக்கியால் அடிபட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கண் அப்புறம் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து அந்தச் சாமானைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவரிடம் சொன்னால் சிரிப்பார். “வேலில போற ஓணான எடுத்து வேட்டில வுட்டுக்கிறீங்க” என்று திட்டுவேன். அதற்கும் சிரிப்பார்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் முழுக்க அவருக்கு அதே வேலை. தேக்குக் கட்டையை வளைத்து, தேய்த்து, தாடை வந்து உட்காரும் இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். கட்டை அழகாகத்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முன்னால் வந்த விசையையும் பின்னால் இருக்கிற எந்திரத்தையும் இணைக்கும் கம்பி மட்டும் சரியாக அமையவில்லை. “விசையத் தொட்டாலே வுழுந்துடுதுடி. சேஃப்டி லாக்க வேற கழட்டி வச்சிட்டேன். பூஜ முடியட்டும், பாத்துக்கலாம்” என்றார். அப்போது அதைக் காதில் வாங்கிக்கொண்டு மாவு அரைக்கப் போய்விட்டேன்.

எங்கள் வீட்டு ஆயுத பூஜைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. பூஜைக்கு வைக்கிற எதையும் காலியாக வைக்கக் கூடாது. லேத் வாயில் ஒரு பித்தளைத் துண்டு கவ்வியிருக்க வேண்டும். என் தையல் மெஷினில் நூல் கோத்து, ஊசிக்குக் கீழே துணி இருக்க வேண்டும். காலியாக வைத்தால் வருஷம் பூராவும் கை காலியாக இருக்குமாம். இன்னொன்று, தீபாராதனை காட்டிவிட்டால் மறுநாள் மறுபூஜை வரைக்கும் எதன் மேலும் கை வைக்கக் கூடாது.

பூஜைக்கு நெட்டப்பாக்கத்திலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். பட்டறையைக் கழுவிவிட்டுக் கோலம் போட்டிருந்தோம். ஒரு ஸ்டூலில் சிவப்புத் துணி விரித்து, துப்பாக்கியைக் கிழக்குப் பார்க்க வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, ஒரு முழம் சாமந்தியையும் சுற்றியிருந்தார் இவர். கிழக்குச் சுவரில் ஸ்பேனர் மாட்டும் பிளைவுட் பலகை. அதில் சாய்ந்துகொண்டு, மணைமேல் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள் எங்கள் மகள். யூகேஜி படிக்கிறாள்.

கற்பூரம் காட்டி முடித்ததும் நாத்தனார் தம்பியைச் சீண்டினார்.

“ஏன்டா, லேத்துல பித்தள இருக்கு, மெஷின்ல துணி இருக்கு. உன் துப்பாக்கி மட்டும் காலியா கெடக்குதே?”

“யாருக்கா சொன்னது?” என்று இவர் பெருமையாகச் சிரித்தார். “காத்தடிச்சு, குண்டு போட்டு, கொக்கி இழுத்துதான் வச்சிருக்கேன். சாமி காரியத்துல நம்ம கிட்ட கொற இருக்குமா?”

நாத்தனார் சிரித்தார். தொட்டாலே விழுந்துவிடும் என்று சொன்னாரே, அந்த விசை! திரும்பிப் பார்த்தேன். துப்பாக்கிக் குழாயின் வாய் நேராக என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாலையின் நார் விசை வளையத்துக்குள் புகுந்து வெளியே வந்திருந்தது. அதன் ஒரு முனை ஸ்டூலுக்குக் கீழே தொங்கியது. அவள் பொரித் தட்டை வைத்துவிட்டு, எட்டி அந்த முனையில் இருந்த பூவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கத்தியிருப்பேன். கத்தினால் பயந்து வெடுக்கென்று இழுத்துவிடுவாள்.

“கண்ணு,” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது. “பூவ வுட்டுடு தங்கம். அம்மா கிட்ட வா, சுண்டல் தரேன்.”

“இரும்மா. இது வர மாட்டேங்குது.”

“இழுக்காதடி செல்லம். அப்படியே புடிச்சிக்கோ. ஆடாத.”

பக்கவாட்டில் போய் முட்டி போட்டேன். அவள் கையை என் கைக்குள் பொத்தினேன். பூ அசையாமல் விரல்களைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். கடைசி விரலும் வந்ததும் அவளை அள்ளிக்கொண்டு போய் நாத்தனார் இடுப்பில் திணித்தேன்.

“குண்ட எடுங்க,” என்றேன் இவரிடம்.

“இன்னாடி பேசற? தீபாராதன காட்டியாச்சி. காலைல மறுபூஜ முடிஞ்சிதான் கை வைக்கணும்.”

“அதுவரைக்கும் இது இப்படியே வாயப் பொளந்துகினு கெடக்கணுமா?”

“கதவப் பூட்டிக்கலாம்டி. ஒண்ணும் ஆவாது.”

“யோவ்!” என்றேன். கல்யாணமாகி அவரை அப்படிக் கூப்பிட்டது அன்றுதான். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். “உன் புள்ள மூஞ்சிக்கு நேரா வச்சிருக்கய்யா! சாமி வந்து கேட்டுச்சா, குண்டு போட்டு வையின்னு? எடுய்யா அத!”

அவர் முகம் சிறுத்துப்போனது. அக்கா எதிரில் பெண்டாட்டியிடம் ஏச்சு வாங்கிய கடுப்பு வேறு. “செரி, எடுக்கறேன். சாமி குத்தம் உன்னோட” என்றபடி ஸ்டூலிடம் போனார். துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால், மரியாதையாக, முதலில் மாலையைத் தூக்கினார்.

டப் என்றது.

பெரிய சத்தமில்லை. மரக்கட்டையில் ஓர் அடி அடித்தது போலத்தான் கேட்டது. பலகையில் ஒரு ஸ்பேனர் ஆடி நின்றது. அவர் மாலையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பாப்பா மட்டும் “அப்பா, இன்னொரு தடவ” என்றாள். அன்று இரவு சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை.

மறுநாள் காலை மறுபூஜைக்குப் பட்டறையைத் திறந்தோம். எனக்கு மனசு கேட்கவில்லை. மகளைக் கூட்டிப்போய் அதே மணையில் உட்கார வைத்தேன். “நிமிந்து உக்காருடி” என்றேன். உட்கார்ந்தாள். பிளைவுட்டில் விழுந்திருந்த ஓட்டையை அவள் தலை மறைத்துவிட்டது.

இவர் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் திரும்பிப் பார்த்து அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தாள். விரலை விட்டுப் பார்த்தாள், விரல் போகவில்லை. தரையில் கிடந்த சாமந்தியிலிருந்து ஓர் இதழைக் கிள்ளி, சுருட்டி, அதற்குள் அடைத்தாள்.

“அப்பா, இது காலியா இருந்திச்சி. காலியா வைக்கக் கூடாதில்ல?”

அவர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த மனுஷன் தன் அப்பா செத்தபோதுகூட அப்படி அழுததில்லை. பாப்பா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். போய்த் தேற்றலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டேன்.