எம் எழுத்து இடம் மாறிய காலை

இரண்டாயிரத்து இரண்டில் ஒரு பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளரின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். எல்லோரையும் போல நானும் அவரை முசியே என்றுதான் அழைப்பேன். வெளியே போகும் நாட்களில் கையெழுத்தும் முத்திரையும் போட்ட வெற்றுத்தாள்களை என்னிடம் விட்டுப்போவார். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அந்தத் தாள்களைத் தொடுமுன் கையைத் துடைத்துக்கொள்வேன்.

அன்று இரண்டு தாள்கள் இருந்தன. நோணாங்குப்பத்திலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். அவருடைய பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு மணிக்குள் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் கொடுக்க வேண்டும். பிரான்சில் இருக்கும் கணவரிடம் போவதற்கான விசா. அன்றுதான் கடைசி நாள்.

முசியே மொழிபெயர்த்து வைத்த வாசகம் கணினியில் தயாராக இருந்தது. முதல் தாளைச் செருகினேன். பிரிண்டர் கட்டமும் கோடுமாக எதையோ அடித்துத் தள்ளியது, முசியேயின் கையெழுத்து மேலேயே.

"இதான் பிரெஞ்சா தம்பி?"

"இல்லக்கா."

"பின்ன என்னாது? மணி பதினொண்ணு ஆவுது."

காரணம் எனக்குத் தெரியும். கணினி சீக்கிரம் கிளம்பட்டும் என்று முந்தின நாள் அதன் தொடக்கக் கோப்பில் புரியாத இரண்டு வரிகளை நானே அழித்திருந்தேன். பிரிண்டரின் வேகத்தைச் சொல்லும் வரி அதில் ஒன்று. நல்லவேளை, அதை முசியே பிரிண்டர் மூடியில் எழுதி ஒட்டியிருந்தார்: mode com1:9600,n,8,1.

கறுப்புத் திரையில் அதைப் பார்த்து அடித்தேன். எம் எழுத்தை அழுத்தினால் அரைப்புள்ளி விழுந்தது. ;ode என்று நின்றது. மறுபடி அடித்தேன், மறுபடி ;ode. 1 என்ற எண்ணை, எப்போதும் போல ஷிஃப்டோடு அழுத்தினால் ஆச்சரியக்குறி.

"கெட்டுப்போச்சா? சொல்லிடு தம்பி, வேற எடம் பாக்குறேன்."

வேறு இடத்தில் போய் முடிக்க நேரமில்லை என்று அவருக்கும் தெரியும்.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் கீபோர்டு பிரான்சிலிருந்து வந்தது. எழுத்துகளின் இடமே வேறு, எண்ணுக்கும் ஷிஃப்ட் அழுத்த வேண்டும். நான் அழித்த இன்னொரு வரி அதைக் கணினிக்குச் சொல்லும் வரி. இப்போது கணினி அதை ஆங்கிலக் கீபோர்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ரெட்டியார்பாளையம் இன்ஸ்டிட்யூட்டில் ஆங்கிலத் தட்டச்சில் லோயர் தேர்வு முடித்தவன் நான். அங்கே கீயைப் பார்த்தால் விரலில் ஸ்கேல் விழும்.

கை துடைக்கும் துண்டை எடுத்து, கீயில் இருக்கும் எழுத்து கண்ணில் படாதபடி கீபோர்டின் மேல் விரித்து, கையை உள்ளே விட்டேன்.

"என்னா தம்பி, மந்திரம் கிந்திரம் பண்றியா?"

விரல் போன போக்கில் விட்டேன். mode என்று வந்தது. மற்றதும் வந்தது. பழைய காகிதம் ஒன்றில் அடித்துப் பார்த்தேன். அவர் பெயர், அவர் அப்பா பெயர், எல்லாம் சரி. பிறகு கடைசித் தாள். அது முழுதாக வெளியே வரும்வரை இருவரும் பிரிண்டர் மேல் குனிந்தே நின்றோம்.

பதினொன்றே முக்காலுக்கு ஆட்டோ பிடித்து ஓடினார். பன்னிரண்டரைக்குப் போன் வந்தது.

"வாங்கிக்கினாங்க தம்பி. சன்னல சாத்தப் போனான், கைய வுட்டுத் தடுத்துட்டேன்."

போனை வைத்தேன். கெட்டுப்போன தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அடிக்கும்போது ஒரு தாள் வீணாவது நடப்பதுதான், முசியே கேட்டிருக்கவும் மாட்டார். அதை அவர் மேசை நடுவில் வைத்து, அழித்த இரண்டு வரிகளைப் பற்றிக் கீழே எழுதி, என் கையெழுத்தையும் போட்டேன்.