நல்ல நாளில் சொல்லாமல் விட்டது

அந்தக் கனிமவியல் அறிஞரின் படத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மலை மலையாக அலைந்து கல் பொறுக்கிய மனிதர். யாங்கோனில், லான்மடாவ் சந்து ஒன்றில், உலைக்கடைச் சுவரில் மாலையோடு தொங்குவோம் என்று அவர் கண்டாரா என்ன?

அந்தக் கடையில் என் வீட்டுக்காரர் பதினான்கு வருஷம் வேலை பார்த்தார். வடக்கே சுரங்கங்களிலிருந்து வரும் கல்லில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று சோதித்துச் சொல்வதுதான் தொழில். கல்லைப் பொடித்து ஈயத்தோடு உருக்குவார்கள். அதை எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து மறுபடி உலைக்குள் தள்ளுவார்கள். ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும், கொஞ்சம் புகையாகப் போகும், கடைசியில் கடுகளவு வெள்ளி மிஞ்சும். அந்தப் புகை வெளியே போக ஒரே ஒரு ஜன்னல். மழை வந்தால் அதையும் சாத்திவிடுவார்கள்.

ஆயுத பூஜைக்கு உலையைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. அந்த அறிஞரின் பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. அதிலிருந்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார். பிறகு என்னிடம் வந்தார். நான் டியூஷன் எடுப்பதால் எல்லோருக்கும் நான் சயாமா, அதாவது டீச்சரம்மா.

"நாம செய்யிற வேலைய ஒழுங்கா எழுதி வச்சவரு இவருதான் சயாமா. இவரு கதைய ஒரு பலகைக்கு எழுதித் தாங்க. பர்மா பாஷையில எழுதுங்க, நம்ம ஆளுகளுக்குத் தமிழ் படிக்க வராது."

நான்கு நாள் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். அந்த அறிஞரை எனக்குப் பிடித்துவிட்டது. சுரங்கத் தொழிலாளியின் மகன். பாதியில் படிப்பு நின்று, சுத்தியலைத் தூக்கிக்கொண்டு மலை ஏறியிருக்கிறார். கல்லை நாக்கில் வைத்துச் சுவை பார்ப்பார், ஊதுகுழலால் தீயை ஊதி நிறம் பார்த்தே உள்ளே என்ன உலோகம் என்று சொல்லிவிடுவார். இரண்டு புதிய கனிமங்களைக் கண்டுபிடித்தார். பெரிய படிப்பு இல்லாதவனும் செய்யும்படி சோதனை முறைகளைப் படிப்படியாக எழுதினார்.

கடைசி அத்தியாயத்தை அவர் இடது கையால் எழுதியிருக்கிறார். ஈயப் புகையில் வலது கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது. உலைக்கு மேல் புகைபோக்கி வையுங்கள், உலைப் பக்கத்தில் எதையும் வாயில் போடாதீர்கள், வயிற்று வலி விடாமல் வந்தால் வேலையை நிறுத்துங்கள் என்று மன்றாடியிருக்கிறார். அதையும் எழுதினேன்.

முதலாளி படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "பூஜையும் அதுவுமா கை விழுந்துச்சு, வயித்து வலின்னு எதுக்கு சயாமா? நல்ல வார்த்தையா முடிங்க."

எனக்கும் அது சரி என்றே பட்டது, அதுதான் கொடுமை. என் வீட்டிலும் நல்ல நாளில் அரிசிப் பானை காலியானால் நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்வோம். அந்தப் பத்தியை அடித்துவிட்டு, 'தொழிலுக்கே தன்னைக் கொடுத்தவர்' என்று முடித்தேன். என்ன அழகான வரி! அதைப் படித்த எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு வயிற்று வலி. உலையில் கிடுக்கி பிடித்த அதே விரலால், குன்யா என்று இங்கே சொல்லும் வெற்றிலையை மடித்து மடித்து வாயில் போடுகிறவர். நான் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். அந்த அத்தியாயத்தை வரி விடாமல் படித்தவள், ஓமத் தண்ணீர் கொடுத்தேன். இந்த வருஷம் ஒரு நாள் கிடுக்கி கையை விட்டு விழுந்தது. எடுக்கப் போனார், வலது மணிக்கட்டு நிமிரவில்லை. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், ஈயம் என்றார்.

நேரே கடைக்குப் போய் முதலாளி முன் நின்றேன். "படம் மாட்டச் சுவத்துல ஆணி அடிக்கத் தெரிஞ்ச உங்களுக்குப் புகை போகக் கூரையில ஒரு ஓட்டை போடத் தெரியலையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

அவர் கோபப்படக்கூட இல்லை. "நான் பலகையில வேணாம்னுதான் சொன்னேன். எல்லாத்தையும் படிச்சது நீங்க. வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சயாமா."

அந்த ஆளை அறைய வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னது நிஜம்தான்.

வீட்டுக்கு வந்து, நான் முதலில் எழுதிய நோட்டைத் தேடி எடுத்தேன். அடித்த பத்தியை என் வீட்டுக்காரருக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். அவர் இடது கையால் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"இது எப்ப எழுதினது?"

"ரெண்டு வருஷம் முன்னாடி. பூஜைக்கு."

அவர் எழுந்தபோது இடுப்பில் லோஞ்சி முடிச்சு அவிழ்ந்தது. அதைச் சுற்றிச் செருக இரண்டு கையும் வேண்டும். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"விடு. நானே கட்டிக்கிறேன்" என்று என் கையை விலக்கிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முடிச்சுப் போட ரொம்ப நேரம் ஆனது. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன்.