இடது கதவு

என் சகலையை, அதாவது என் மனைவியின் தங்கை புருஷனை, முகத்துக்கு நேரே 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் 'அவன்'தான். இங்கே மனசில் உள்ளபடியே எழுதுகிறேன்.

அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. கடையின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும் ஒரு கல். அதன் முன்னால் குனிந்து உட்கார்ந்து, லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பான், பிரேமில் வைத்துப் பார்ப்பான், மறுபடியும் தேய்ப்பான். ஒரு கண்ணாடிக்கு அரை நாள் எடுத்துக்கொள்வான். முதலாளி கத்துவார். இவன் தலையை நிமிர்த்தவே மாட்டான்.

எனக்கு டயர் கடை. பஞ்சர், வீல் பேலன்ஸ், அலைன்மென்ட். ஏழாவதோடு படிப்பை விட்டவன் என்றாலும் சொந்தக் கடை, சொந்த வண்டி. மாமனார் வீட்டுக்கு நான்தான் முதல் மாப்பிள்ளை. சின்னவன் வந்து சேரும்வரை மாமனார் எங்கே போனாலும் என் வண்டியின் முன் சீட்டில்தான் உட்காருவார். அந்த முன் சீட்டுதான் இந்தக் கதை.

சின்னவன் ஒரு கார் வாங்கினான். வாங்கினான் என்று சொல்வதே வண்டிக்கு மரியாதை கொடுத்த மாதிரி. நாலு கை மாறிய வண்டி. முன் பலகைக்குள் ஒரே ஒரு ஸ்பீக்கர், அதுவும் கிழிந்தது. பாட்டுப் போட்டால் சளி பிடித்தவன் பாடுகிற மாதிரி இருக்கும்.

"என்ன சகலை, பாடறவரு இருமுறாரே?" என்றேன்.

"மாத்திடலாம்ண்ணே. ஒவ்வொண்ணா."

அந்த 'ஒவ்வொண்ணா' என்பதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு சாமான் என்று அர்த்தம். முதல் வருஷம் பழைய இரும்புக் கடையில் உடைந்த வண்டியிலிருந்து கழற்றிய இரண்டு கதவு ஸ்பீக்கர்கள். மாட்டிவிட்டு அதையே ஒரு வருஷம் கேட்டான். இரண்டாவது வருஷம், கதவுத் தகடு அதிராமல் இருக்க உள்ளே ஏதோ ஒட்ட வேண்டும் என்றான். அதற்கான ஷீட் விலை கட்டுப்படியாகவில்லை. மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டுகிற தார் ஷீட்டில் மிச்சம் கிடந்ததை வெட்டி ஒட்டினான். வெயில் வந்ததும் தார் உருகிக் கதவின் அடியால் வழிந்து மாமியாரின் புதுத்துணியில் ஒரு முழத்துக்குக் கறுப்புக் கோடு போட்டது. அன்றைக்கு நான் இரண்டு தடவை சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

அவன் ஒரு வாரம் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து உட்கார்ந்து சுரண்டினான். அடுத்த வருஷம் சரியான ஷீட்டையே துண்டு துண்டாக வாங்கி, லென்ஸ் மாதிரி அளந்து வெட்டி ஒட்டினான். அதற்கடுத்த வருஷம் வெறும் வயர்.

"இந்த வருஷம் வயரா? அடுத்த வருஷம் ஸ்க்ரூவா?"

"ஆமாண்ணே, ஸ்க்ரூவும் மாத்தணும். துரு பிடிச்சிருக்கு."

கேலி செய்தால் கோபப்படவாவது வேண்டாமா ஒரு மனுஷன்?

ஐந்தாவது வருஷம் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்தான். அன்று என்னைத்தான் முதலில் உட்கார வைத்துப் பாட்டுப் போட்டான். கேட்டேன். பாடுகிறவர் சரியாக முன்கண்ணாடிக்கு நடுவில், என் மூக்குக்கு நேராக நின்று பாடினார். அடியில் மத்தளம் தொடையில் தட்டியது. அதட்டவில்லை, தட்டியது. பின்னால் பெரிய பெட்டி எதுவும் இல்லை, இரண்டே கதவுகள். எனக்கு வயிறு எரிந்தது.

"பரவாயில்ல," என்றேன்.

"சின்ன வயசுல எங்க வீட்ல ரேடியோ இல்லண்ணே," என்றான். "பக்கத்து வீட்ல போடுவாங்க. சுவர் வழியா அடிச்சத்தம் மட்டும்தான் வரும், வார்த்தை வராது. அந்த அடியை வச்சே என்ன பாட்டுன்னு சொல்லிடுவேன். அதனால எனக்கு அடி சரியா இருக்கணும்."

மறுவாரமே நான் போய் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினேன். நீல விளக்கு எரிகிற ஆம்ப்ளிஃபயர், டிக்கி முழுக்க அடைத்துக்கொண்ட பெட்டி, நாலு கதவுக்கும் ஸ்பீக்கர். மாட்டியவன் வாய் ஓயாமல் பேசினான். "பிளஸ் மைனஸ் மட்டும் மாறக்கூடாதுண்ணே. ஒரு பக்கம் மாறினா போச்சு. ரெண்டு ஸ்பீக்கரும் மாமியார் மருமக மாதிரி ஆயிடும். ஒண்ணு தள்ளினா ஒண்ணு இழுக்கும். பாஸ், அதான் அடிச்சத்தம், செத்துப்போகும். எந்த சாமானும் கெட்டிருக்காது, தேடித் தேடி மண்டை காயும்."

அந்தப் பேச்சு எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

என் வண்டியில் பாட்டுப் போட்டால் நம்பர் பிளேட் ஆடியது. கூரை உறுமியது. மாமனாரை உட்கார வைத்துக் கடைத்தெருவரை போனேன். பாதியில், "மாப்ள, இங்கயே இறக்கி விட்டுடுங்க. நடந்துக்கறேன்," என்றார். தபாலாபீசில் நாற்பது வருஷம் முத்திரை குத்தியவர். அந்தச் சத்தத்தையே தாங்கியவர் என் பாட்டைத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு மாமனார் ஆஸ்பத்திரிக்குச் சின்னவன் வண்டி. பேங்குக்குச் சின்னவன் வண்டி. என் மனைவியும், "தங்கச்சி கூப்பிடறா, அவங்க வண்டியிலயே போயிடறேங்க," என்று ஆரம்பித்தாள். ஒரு கல்யாணத்துக்கு என் வண்டியில் நான், டிக்கியில் பெட்டி, பின் சீட்டில் இரண்டு பாய்மூட்டை. முன்னால் போகிற அவன் வண்டியில் ஆறு பேர், ஒருவர் மடியில் ஒருவர், சிரித்துக்கொண்டு. வழி முழுக்க அந்தப் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

அந்த மாசம் அவன் அலைன்மென்ட் பார்க்க வந்தான். வழக்கம்போலச் சாவியை என் மேஜையில் போட்டுவிட்டு, "நீங்க பார்த்துக்கங்கண்ணே," என்று வேலைக்குப் போய்விட்டான். சக்கரத்தைச் சரிபார்த்தேன். பிறகு இடது கதவின் உள்பலகையைக் கழற்றினேன். எதற்கென்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. கை பாட்டுக்குப் போனது. உள்ளே ஷீட் ஒரு மடிப்பு இல்லாமல் ஒட்டியிருந்தது. பிளஸ் வயரின் நுனியில், அடையாளத்துக்கு, என் கொழுந்தியாளின் சிவப்பு நகப்பூச்சு. இரண்டு வயரையும் உருவி இடம் மாற்றிச் செருகினேன். பலகையை மூடும்போது ஒரு கறுப்புக் கிளிப் உடைந்தது. என் டப்பாவில் கிடந்த வெள்ளைக் கிளிப் ஒன்றைப் போட்டு அழுத்தினேன். இரண்டு நிமிஷ வேலை.

சாயங்காலம் அவன் வந்து வண்டியைக் கிளப்பிப் பாட்டுப் போட்டான். தெருமுனைவரை போய் நின்றான். சக்கரத்தில் ஏதோ குறை என்று திரும்பி வருவானோ என்று பார்த்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுப் போனான்.

மூன்று மாசம். முதலில் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிப் பார்த்தான். பிறகு வயரை முழுசாக இழுத்து வேறு போட்டான், சீட்டிலிருந்து கதவு ஓட்டைவரை. கதவை மட்டும் திறக்கவில்லை. தன் கையால் பூட்டியது, அதில் தப்பு வராது என்று அவனுக்கு நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்கு வந்தால் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்து, "ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" என்பான்.

"நல்லாத்தானே இருக்கு," என்றாள் என் மனைவி.

"எப்பவும் போலத்தான் இருக்கு," என்றாள் அவன் மனைவி. "இவருக்கு வேற வேலையில்லக்கா."

இதில் எனக்கு விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. பாட்டு செத்துப்போச்சு, ஆனால் மாமனார் இன்னும் அவன் வண்டியில்தான் ஏறினார். ஒரு நாள் அடக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"மாமா, அந்த வண்டியில அப்படி என்ன பாட்டு கேக்குது உங்களுக்கு?"

"பாட்டா? எனக்கெங்க மாப்ள பாட்டு," என்று குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அரை மணிக்கு ஒருக்கா ஒண்ணுக்கு வந்துடுது. சின்ன மாப்ள கேக்காமலே ஓரமா நிறுத்திட்டு, டயரைப் பார்க்கிற மாதிரி இறங்கி நிப்பாரு. உங்ககிட்ட நிறுத்தச் சொன்னா, 'மறுபடியுமா'ன்னு ஒரு பார்வை பார்ப்பீங்க பாருங்க. அதுக்கே நின்னுடும்."

பக்கத்தில் இருந்த என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் காது சூடானது. அப்படியானால் நான் கெடுத்தது யாருக்காக? அந்தக் குடும்பத்தில் அந்தப் பாட்டைக் கேட்டது மொத்தம் இரண்டு பேர். ஒன்று அவன். இன்னொன்று நான்.

அடுத்த விடுமுறை நாளில் அவன் என் கடைக்கு வந்தான். முகம் வற்றிப் போயிருந்தது.

"எல்லாத்தையும் கழட்டிக் கொடுத்துடலாம்னு இருக்கேண்ணே."

"ஏன்?"

"காது டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன். ஒரு கூண்டுக்குள்ள உட்கார வச்சு, சத்தம் கேட்டா பட்டனை அமுத்தச் சொன்னாரு. எல்லாம் கேட்டுது. காது நல்லா இருக்குன்னுட்டாரு. சாமானும் நல்லா இருக்கு. எல்லாருக்கும் நல்லாக் கேக்குது. அப்ப என் மண்டையிலதான் ஏதோ போயிடுச்சு." சிரிக்கப் பார்த்தான். "கடையில கல்லு சுத்துற சத்தம்கூட இப்ப சரியாத்தான் கேக்குதான்னு சந்தேகமா இருக்கு. கழட்டறதுக்கு முன்னால கடைசியா நீங்க ஒருவாட்டி உட்கார்ந்து கேளுங்க. உங்களுக்கு மட்டும்தான் கொஞ்சம் கேள்வி ஞானம் இருக்கு."

'நல்லாத்தான் இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் கழற்றிவிடுவான். அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் பாட்டு என்றால் என் நீல விளக்குதான். உட்கார்ந்தேன். போட்டான். பாடுகிறவர் நடுவில் இல்லை. புகை மாதிரி வண்டி முழுக்கப் பரவிக்கிடந்தார். மத்தளம் தகரமாகியிருந்தது. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குரல் நடுவுல இல்ல," என்றேன். "அடியும் இல்ல."

பாட்டை நிறுத்தினான். "கேக்குதாண்ணே? உங்களுக்கும் கேக்குதா?"

"இடது கதவைக் கழட்டுங்க."

"அது என் கையால பூட்டினதுண்ணே."

"கழட்டுங்கன்னா கழட்டுங்க."

கழற்றினான். கறுப்புக் கிளிப்புகளுக்கு நடுவே அந்த வெள்ளைக் கிளிப் தெறித்து அவன் காலடியில் விழுந்தது. எடுத்தான். லென்ஸைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். பிறகு என் மேஜையில் திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தான். முழுக்க வெள்ளைக் கிளிப்புகள். பிறகு, இடம் மாறிச் செருகியிருந்த சிவப்பு நகப்பூச்சு வயரைப் பார்த்தான். கேட்கட்டும், திட்டட்டும் என்று நின்றேன். நானே சொல்லிவிடவும் வாயைத் திறந்தேன்.

"டீ சொல்லட்டுமா?" என்பதுதான் வந்தது.

அவன் வயரை மாற்றிச் செருகிப் பாட்டுப் போட்டான். பாடுகிறவர் நடுவில் வந்து நின்றார். மத்தளம் அடியிலிருந்து எழுந்து வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுசையும் கேட்டான். பிறகு அந்த வெள்ளைக் கிளிப்பையே துடைத்து, அது இருந்த இடத்தில் வைத்து அழுத்தினான்.

"வரேண்ணே," என்றான். 'வாங்க' என்று நான் சொன்னேனா என்று நினைவில்லை.

வீட்டில் அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மனைவி இரண்டு நாள் சோறு போட்டிருக்க மாட்டாள். ஒழுங்காகப் போட்டாள். அந்தச் சோற்றை முழுங்குவது கஷ்டமாகத்தான் இருந்தது. அவன் ஒரு தடவை கத்தியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். அதையும் செய்யாமல் அதிலும் என்னைவிட ஒரு படி மேலே போய் உட்கார்ந்துகொண்டான். அந்த எரிச்சல் இன்றுவரை ஆறவில்லை.

ஆறு மாசம் கழித்து அலைன்மென்ட்டுக்கு வந்தான். என்னிடம்தான் வந்தான். ஆனால் சாவியை மேஜையில் போடவில்லை. வண்டியைத் தானே மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டு, எதிரே ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தான்.

"வேலைக்குப் போகலையா சகலை? நேரமாகுமே."

"லீவு போட்டுட்டேண்ணே. இருக்கேன்."

நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். அவன் என் கையைப் பார்த்தான். முக்கால் மணி நேரம். எல்லாம் முடிந்ததும் அந்த வருஷத்துச் சாமானைக் காட்டினான். முன்கண்ணாடியைத் தாங்குகிற தூணில் இரண்டு பக்கமும் சட்டைப் பொத்தான் அளவு சின்ன ஸ்பீக்கர்கள்.

"கேட்டுச் சொல்லுங்கண்ணே. வேற யார்கிட்ட கேக்கறது?"

கேட்டேன். சலங்கையின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கேட்டது. வயிறு எரியத்தான் செய்தது. பொய் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"வலது பக்கம் ஒரு நூல் தூக்கலா இருக்கு. கொஞ்சம் உள்பக்கமா திருப்புங்க."

திருப்பினான். கேட்டான். தலையாட்டினான். கையில் மசி பட்டிருந்ததால் கழுவக் குழாயடிக்குப் போனான். போகும்போது வண்டியிலிருந்து சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.