விஜிலாவின் மெஷினில் மட்டும்

மந்திரமூர்த்தி அண்ணாச்சி ஓர் ஆளை வேலையைவிட்டு அனுப்புவதென்றால் சத்தம் போடமாட்டார். மக்ரூன் வாங்கிக் கொடுப்பார். வத்தல் மண்டி நடத்திய காலத்திலிருந்தே அவருக்கு அந்தப் பழக்கம். கணக்கை முடித்து, பெட்டியைக் கையில் வைத்து, "பிள்ளையளுக்குக் குடு" என்று சிரித்த முகத்தோடு வாசல்வரை வந்து வழியனுப்புவார். வயிற்றில் அடிக்குமுன் வாயில் இனிப்பு வைத்தால் பாவம் பாதியாகும் என்று எந்தச் சாமி அவருக்குச் சொன்னதோ தெரியாது. மண்டி போய், துறைமுகத்தில் சரக்கு எடுத்துவிடும் ஏஜெண்டுகளுக்கு சாப்ட்வேர் செய்துகொடுக்கும் கம்பெனி வந்த பிறகும் மக்ரூன் மட்டும் மாறவில்லை.

அங்கே மக்ரூன் வாங்காமல் அதிக காலம் தாக்குப்பிடித்தவள் விஜிலா. திரேஸ்புரத்துக்காரி. புருஷன் வில்பிரட் கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். சரக்கறைக்குள் விழுந்து இடுப்பு உடைந்து இப்போது கட்டிலோடு கிடக்கிறான். மகள் நாசரேத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் உலை கொதிப்பது விஜிலாவின் சம்பளத்தில்தான். வில்பிரட்டின் மாத்திரையும் அதில்தான். ஆகவே அவளுக்குப் பேய் பிசாசு எதற்கும் பயமில்லை, அந்த அட்டைப் பெட்டி ஒன்றைத் தவிர.

அவள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் பனிமய மாதா என்று அவள் வீட்டில் நம்பினார்கள். மாதாவுக்கு அதில் பங்கில்லை. காரணம் அவள் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

கம்பெனியின் சாப்ட்வேர் ஒரே துண்டாக இருக்காது. பில்லுக்கு ஒரு புராஜெக்ட், கண்டெய்னருக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதி, எல்லாவற்றையும் ஒரு தாய்ப் புராஜெக்டின் கீழே கோத்துக் கட்டவேண்டும். அப்படிக் கட்டுவதற்குப் பெயர் பில்டு. எந்தப் புராஜெக்டுக்கு எந்தக் கோப்பு என்று பார்த்து எடுத்துக்கொடுக்க விஜிலா ஒரு பிளகின் எழுதியிருந்தாள். கல்யாண வீட்டுச் சமையலில் சாமான் எடுத்துக் கொடுக்கும் கையாள் மாதிரி அது. அவசரத்தில் எழுதியது. கோப்பு இருக்கும் இடத்தைத் தாய்ப் புராஜெக்டிலிருந்து கணக்கிட்டுச் சொல்லாமல், தன் கம்ப்யூட்டரில் தன் பெயரில் இருந்த போல்டரின் முழு முகவரியை அப்படியே உள்ளே எழுதிவிட்டாள். வழி கேட்டவனிடம் "எங்க அடுக்களையிலருந்து இடது பக்கம் திரும்பு" என்று சொல்வது போன்ற காரியம். அவள் அடுக்களையில் நிற்பவனுக்குத்தான் அது வழி.

போதாக்குறைக்கு, கோப்பு கிடைக்காவிட்டால் அந்தப் பிளகின் வாயைத் திறக்காது. சும்மா தாண்டிப் போய்விடும். பிறகு எங்கோ லாரிப் புராஜெக்டில் போய் பில்டு குப்புற விழும். அடிபட்ட இடம் ஒன்று, அலறுகிற இடம் வேறு. எவன் தேடினாலும் லாரிப் புராஜெக்டில்தான் தேடுவான்.

முதலில் அது வெறும் சோம்பல்தான். சரிசெய்துவிட வேண்டும் என்றே நினைத்திருந்தாள். ஆனால் ஏஜெண்டுகளுக்குப் புதிதாக எதைக் கொடுப்பதென்றாலும் எல்லோரும் அவள் மேசைக்கு வரவேண்டியிருந்தது. அண்ணாச்சியே வந்து நின்று, "விஜிலா, கொஞ்சம் கட்டிக் குடுத்துருதியா?" என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் ஒவ்வொருவராக மக்ரூனோடு படியிறங்கியபோது அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. தன் வேலை பிழைத்து நிற்பது அந்த போல்டரால்தான். பிறகு அவள் அதைத் தொடவில்லை.

இந்த நேரத்தில்தான் உடன்குடிப் பக்கமிருந்து சந்தனச்செல்வி வந்துசேர்ந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. வந்த அன்றே அண்ணாச்சி அவளிடம், "இந்த பில்டு ஒம் மெஷின்லயும் ஓடணும், கேட்டியா. ஒத்தச் சாவிய நம்பிக் கடை நடத்தக் கூடாது" என்றார். விஜிலா தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செல்வி கட்டிப் பார்த்தாள். லாரியில் விழுந்தது. லாரிப் புராஜெக்டைப் பிரித்துப் பார்த்தாள், திரும்ப எழுதினாள், மெஷினையே துடைத்துப் புதிதாக ஏற்றினாள். திரும்பவும் லாரி.

"அக்கா, ஓடவே மாட்டேங்கு. எங்கன தப்புன்னு ஒரு எட்டு வந்து பாக்கியளா?"

விஜிலா டீ டம்ளரோடு வந்து பின்னால் நின்று பொறுமையாகப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"எம் மெஷின்ல நல்லா ஓடுதே, ஏளா."

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. கொடுமையே அதுதான்.

அண்ணாச்சி எல்லோர் முன்பாகவும், "படிச்ச படிப்ப எங்கன வித்துட்டு வந்த?" என்று கேட்ட நாளில் செல்வி விசைப்பலகையைப் பார்த்தபடியே அழுதாள். ஒரே ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும். விஜிலாவின் தொண்டைவரை வந்தது. வில்பிரட்டின் மாத்திரையை நினைத்துக்கொண்டு விழுங்கிவிட்டாள். பெட்டி வந்தது. போகுமுன் செல்வி பெட்டியைப் பிரித்து, கொஞ்சம் மக்ரூனை எடுத்து விஜிலாவின் மேசையில் வைத்தாள்.

"நீங்க ஒருத்தருதான்க்கா கோவப்படாம வந்து பாத்திய."

விஜிலா அதைத் தின்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தின்னாமல் என்ன செய்ய?

கிறிஸ்மஸுக்கு மகளுக்குத் துணி எடுக்கப் போனபோது கடையில் நைட்டிகளை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றாள் செல்வி. ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற கம்பெனில கேட்டுப் பாக்கலியாளா?" என்றாள் விஜிலா.

"எனக்கு அந்த வேல வராதுக்கா. நான் மக்கு. கம்ப்யூட்டரப் பாத்தாலே கையி நடுங்குது" என்று சிரித்தாள் செல்வி. விஜிலா எடுத்த பாவாடைக்குக் குஞ்சம் வைத்த நாடாவைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தாள். தன் கையால் ஒரு பிள்ளையை மக்காக்கிவிட்டோம் என்று விஜிலாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நன்றாக வேண்டும்.

செல்வியின் நாற்காலியில் அடுத்து வந்து உட்கார்ந்தவன் ஜெனோ. அவனும் திரேஸ்புரம்தான். வீட்டில் முதன்முதலாக வலையைத் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்தவன். அவனுக்கும் லாரியில் விழுந்தது. ஒரு நாள் அவன் திரும்பி, "அக்கா, எனக்கு இந்த வேல வராதுன்னு நெனைக்கேன்" என்றான். செல்வி சொன்ன அதே பேச்சு. விஜிலாவால் தாங்க முடியவில்லை.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பிளகினுக்கு வேண்டிய கோப்புகளைத் தன் போல்டரிலிருந்து எடுத்துத் தாய்ப் புராஜெக்டுக்குள்ளேயே வைத்தாள். தன் பெயர் இருந்த முகவரிகளை அழித்து, தாய்ப் புராஜெக்ட் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து வழி போகும்படி மாற்றினாள். கோப்பு இல்லையென்றால் உடனே இல்லையென்று கத்தும்படியும் செய்தாள். ஜெனோ மெஷினில் ஓடியது. பக்கத்து மெஷினிலும் ஓடியது. ஜெனோ எழுந்து நின்று கைதட்டினான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் மனது லேசாக இருந்தது. அன்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம் என்று அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

அண்ணாச்சி கூப்பிட்டார். மேசையில் பெட்டி இருந்தது. உள்ளே வரும்போதே பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் தூரத்தில் யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"எல்லா மெஷின்லயும் ஓடுதாமே? நல்ல காரியம் பண்ணுன. ஜெனோ ஒன்னப் பத்தி அப்பிடிப் பெருமயாச் சொல்லுதான். இனி அவன் ஒருத்தனே போதும்லா?"

"அண்ணாச்சி, வீட்டுக்காரவுக எந்திரிக்க முடியாமக் கெடக்காவ. ஒங்களுக்குத் தெரியும்லா."

"தெரியாம என்ன, தாயி. கர்த்தர் பாத்துக்கிடுவாரு." பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "பிள்ளைக்குக் குடு."

வெளியே ஜெனோ முகம் வெளிறி நின்றான். "அக்கா, நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். நீங்கதான் சொல்லிக் குடுத்தியன்னு சொன்னேங்க்கா" என்றான். அவள் பெட்டியோடு நடந்தாள். கதவுவரை அண்ணாச்சி கூடவே வந்தார். வீட்டில் வில்பிரட் பெட்டியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். மக்ரூனை எறும்பு தின்றது.

அடுத்து வந்த நாட்களை அவள் யாரிடமும் சொல்வதில்லை. மகள் விடுதியிலிருந்து திரும்பி வந்தாள். கழுத்தில் கிடந்தது போயிற்று. வில்பிரட் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டான். ராத்திரி வலியில் தலையணையைக் கடித்தான்.

கடைசியில், துறைமுகச் சாலையில் கிடங்குகளுக்கு சாப்ட்வேர் செய்யும் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. எல்லா மெஷினிலும் பில்டை ஓடவைத்தவள் என்று ஜெனோ சொல்லிவைத்திருந்தான். அங்கேயும் நிறைய புராஜெக்டுகள், ஒரு தாய்ப் புராஜெக்ட். அதற்கு ஒரு பிளகின் எழுதச் சொன்னார்கள். எழுதினாள். முகவரியை எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே, தன் பெயரில் ஒரு போல்டர் போட்டு, அதன் முழு முகவரியை உள்ளே எழுதினாள். கோப்பு கிடைக்காவிட்டால் வாயைத் திறக்காதே என்றும் அதற்குச் சொல்லிவைத்தாள்.

மெட்டில்டா என்று ஒரு பிள்ளை அங்கே புதிதாகச் சேர்ந்தாள். வேலையில் வைத்துக்கொள்வார்களா மாட்டார்களா என்று தெரியாத நாட்கள் அவளுக்கு. ஒரு நாள் மதியம் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அக்கா, எவ்வளவோ பாத்துட்டேன். கிடங்கு புராஜெக்ட்ல போயி விழுது. ஒரு எட்டு வந்து பாக்கியளா?"

விஜிலா எழுந்து போனாள். பின்னால் நின்று பொறுமையாகப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தாள்.

"எம் மெஷின்ல நல்லா ஓடுதே, ஏளா" என்றாள்.