வேப்பிலை கட்டிய வீட்டில் மீன் வாசம்

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோட்டைக்குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு கிட்டத்தட்ட அழுதுவிட்டேன். கையில் தூக்கு நிறையப் புளியோதரை. எதிரே வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலை.

வேப்பிலை கட்டியிருந்தால் வீட்டில் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருப்பதோ எட்டு மாதக் கர்ப்பிணியான அமுலு!

அமுலுவை நீங்கள் பார்த்ததில்லை. ஆனால் நான் எழுதுகிற இந்தப் பத்தியை ரொம்ப காலம் உங்களுக்குப் படிக்கிற மாதிரி ஆக்கிக் கொடுத்தவள் அவள்தான். பொன்னேரியில் என் வீட்டுக்குக் கீழே இருந்த ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். என் கையெழுத்து என் வீட்டுக்காரருக்கே புரியாது. அவளுக்குப் புரியும். பிடிக்காத வரிகளை மட்டும் “கண்ணு தெரிலக்கா” என்று விட்டுவிடுவாள். (முக்கால்வாசி நேரம் அவள் விட்டதுதான் சரி.) பிறகு ஏரியில் மீன் பிடிக்கிற தேசப்பனைக் கட்டிக்கொண்டு கோட்டைக்குப்பம் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா மீன் விற்கிறவள். அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“உள்ள பூடாதம்மா. ஆத்தா வந்துகிறா.”

“ஐயோ, யாருக்கு? அமுலுவுக்கா?”

“அத்தெல்லாம் கேக்கலாமா? தப்பு!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு குரலைத் தணித்து, “பத்து நாளாச்சும்மா. தெருவுல ஒரு வூட்லயும் எண்ணெ சட்டி அடுப்புல ஏறல. தாளிக்கிற வாசனையே ஆகாதே! மோரும் சோறுமா துன்னு நாக்கு செத்துப்போச்சு” என்றாள்.

வாசல்வரை ஏரி வந்து நிற்கிற ஊரில் பத்து நாளாக மீன் வறுவல் இல்லை. அவள் முகம் ஏன் அப்படி இருந்தது என்று புரிந்தது.

உடனே அமுலுவுக்கு போன் போட்டேன். எடுத்தவள் என்ன செய்தாள் தெரியுமா? சிரித்தாள்!

“யாருக்கும் ஒண்ணும் இல்லக்கா. மெதுவா பேசு. பின்னாடி ஜன்னலாண்ட வா.”

அங்கே தேசப்பன், திருடன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றான்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்... நாலு வருடம். அமுலுவுக்கு முதல் குழந்தை வயிற்றில் ஏழு மாதம். ஊரெல்லாம் வைரஸ் காய்ச்சல், இவளுக்கும் வந்தது. நாலு நாள் உடம்பு அனலாகக் கொதித்தது. அடுத்த வாரமே வலி. கீர்த்தி பிறந்தபோது ஒன்றரைக் கிலோ கூட இல்லை. சென்னையில் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தாள். இன்றைக்கு அதே கீர்த்தி கத்தினால் எளாவூர் செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்திவிடுவார்கள், அது வேறு விஷயம்.

“காய்ச்சலாலதான் முந்திப் பொறந்துச்சா?” என்று தேசப்பன் டாக்டரம்மாவிடம் கேட்டான். “இருக்கலாம். இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கர்ப்பமா இருக்கறப்போ கடுமையான வைரஸ் காய்ச்சல் வந்தா, சிலருக்குப் பிரசவம் முந்திக்க வாய்ப்பு இருக்கு” என்றார் அவர். அந்த ‘இருக்கலாம்’ நாலு வருடமாக தேசப்பனைத் தூங்க விடவில்லை.

இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் சொன்ன ஃப்ளூ தடுப்பூசியை மறக்காமல் போட்டாயிற்று. வீட்டில் சோப்பு கரைகிற வேகத்துக்கு அளவே இல்லை. ஆனால் மறுபடியும் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். மறுபடியும் வீடு நிறைய விருந்தாளிகள்! எட்டு மாத வயிற்றைப் பார்க்க யாருக்குத்தான் ஆசையில்லை?

“சளி இருந்தா ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னுதான்க்கா சொன்னேன்” என்றான் தேசப்பன். “எங்க சித்தி இன்னா சொல்லுச்சு தெரியுமா? ‘ஊரு உலகத்துல இல்லாத புள்ளையா பெத்துக்கப் போற?’ன்னு கேட்டுட்டு, நேரா உள்ள வந்து அமுலு மேலயே தும்முச்சு. ஒரு மாமா, ‘எனக்குக் காச்சல்லாம் இல்லப்பா, உடம்பு மட்டும் சுடுது’ன்னாரு. இதுக்கு இன்னா பண்றது, சொல்லுங்க?”

என்ன பண்ணினான்? ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்து வாசலில் கட்டினான். அவ்வளவுதான். தும்மின சித்தி முதற்கொண்டு மொத்தத் தெருவும் பத்தடி தள்ளி நின்றது.

யோசித்துப் பாருங்கள். டாக்டர் சொன்னால், “அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க” என்போம். வேப்பிலை சொன்னால் மூச்சுவிட மாட்டோம்! நமக்குப் பாசம் என்றால் நேரில் போக வேண்டும். கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிக்க வேண்டும். சளியோடு போனால் அது இன்னும் ஒரு படி மேல். “உடம்பு முடியாமக்கூட வந்துட்டுப் போனா பாரு!” என்று ஊர் மெச்சும்.

நானும் ஜன்னலில் நின்று சிரிசிரி என்று சிரித்தேன். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. இரண்டே இரண்டு இருமல்...

டக்கென்று ஜன்னல் சாத்தப்பட்டது.

“மன்னிச்சுக்கங்கக்கா. புளியோதரைய படிமேல வெச்சிட்டுப் போயிடுங்க.” ஜன்னல் கதவுக்குப் பின்னாலிருந்து தேசப்பனின் குரல் மட்டும் வந்தது.

எனக்கு வந்ததே கோபம்! பொன்னேரியிலிருந்து பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் இடிபட்டு வந்தவள் நான். எனக்கா ஜன்னலைச் சாத்துவது? தொண்டையில் லேசான கரகரப்பு, அதற்கு இவ்வளவு அலட்டலா? வழி நெடுகத் தேசப்பனைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். சாயங்காலம் உடம்பு சுட்டது. தெர்மாமீட்டர் நூற்றியொன்று காட்டியது.

கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. இரண்டு நாள் போர்வைக்குள் கிடந்தேன். அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. நாலு வருடத்துக்கு முன்னால், அமுலுவின் ஏழாம் மாதத்தில், இதே மாதிரி காய்ச்சலோடு ஒரு மாத்திரையை முழுங்கிவிட்டு நான் பலாச்சுளை எடுத்துக்கொண்டு போனேன். அவளைக் கட்டிப்பிடித்தேன். “உடம்பு முடியாவிட்டாலும் போய்விட்டு வந்தேனாக்கும்” என்று நாலு பேரிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் போன் செய்தேன்.

“அமுலு, கீர்த்தி வயித்துல இருந்தப்போ காய்ச்சலோட வந்தது நான்தான்டி.”

“தெரியும்க்கா. கட்டிப்புடிச்சப்பவே சுட்டுது.”

“அப்பவே ஏன்டி சொல்லல?”

“எப்படிக்கா சொல்றது? நீ ஆசையா வந்த.”

நான் மூக்கை உறிஞ்சினேன். அவள் பதறிப்போனாள். “அக்கா, அழுவாத! அந்த வாரம் தெருவே வந்துச்சு. யாராண்ட இருந்து ஒட்டுச்சுன்னு யாரால சொல்ல முடியும்? கீர்த்தி நல்லாதான இருக்கா?”

பேசும்போதே என்னவோ மென்றுகொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன்.

“மடவை வறுவல்க்கா. நாக்கு ரொம்பக் கேட்டுச்சு. அவரு விடியகாலைல ஏரிக்குப் போயி மூணு புடிச்சினு வந்தாரு.”

“அடிப்பாவி! வேப்பிலை கட்டின வீட்லயா?”

நான் சொல்லி முடிக்கவில்லை. அந்தப் பக்கம் கதவு இடிபடுகிற சத்தம். “ஏ தேசப்பா! ஆத்தா இருக்கிற வூட்ல கவுச்சியா? வெளிய வாடா!” கன்னியம்மாவின் குரல்தான். பின்னாலேயே தெருவே வந்துவிட்டது போல. பன்னிரண்டு நாள் மோர் குடித்த மூக்குக்கு மீன் வாசம் தப்புமா?

அமுலு போனை வைக்க மறந்துவிட்டாள். எல்லாவற்றையும் நான் லைவ்வாகக் கேட்டேன்.

“ஆத்தா வர்ல. நான்தான் சும்மா கட்டினேன்” என்றான் தேசப்பன்.

அவ்வளவுதான். “சாமி பேர்ல பொய்யா?” என்று ஒரு குரல். “பன்னெண்டு நாளு எங்கள மோரு குடிக்க வெச்சியேடா!” என்று இன்னொரு குரல். இரண்டில் எது பெரிய குற்றம் என்று அவர்களுக்குள்ளேயே முடிவாகவில்லை. நடுவில் கீர்த்தி, “நைனா, இன்னொரு துண்டு!” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் வாயால சொன்னேன். யாரு கேட்டீங்க?” தேசப்பனின் குரல் உடைந்திருந்தது. “மொத புள்ளைய ஒரு மாசம் கண்ணாடி வழியாத்தான் பாத்தேன். தூக்கக்கூட குடுக்கல. இத்தையும் அப்படிப் பாக்க என்னால முடியாது.”

பதில் சொன்னது கன்னியம்மாதான்.

“சொன்னான். எங்கிட்டயும் சொன்னான். நான் மூக்க சிந்திக்கினேதான் உள்ள போனேன்.”

பிறகு அவளே தீர்ப்பும் சொன்னாள். “வேப்பிலை அப்படியே இருக்கட்டும். கொயந்த பொறக்கற வரைக்கும் இருமலு, சளி, காச்சலு, ஒருத்தரும் உள்ள போவக் கூடாது. ஆத்தாவுக்கு நான் கூழு ஊத்தி மன்னிப்பு கேட்டுக்கறேன். இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? போயி சட்டிய ஏத்துங்க!”

அன்றைக்குத் தெரு முழுக்க வறுவல் வாசம் தூக்கியதாம். எனக்கு இங்கே கஞ்சி.

பத்தி எழுதுகிறவள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். வேப்பிலையால்தான் எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. தடுப்பூசியாக இருக்கலாம், சோப்பாக இருக்கலாம், வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அமுலுவுக்கு அதற்குப் பிறகு ஒரு தும்மல்கூட வரவில்லை. நாள் நிறைந்து, டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இரண்டு நாள் கழித்து, சாவகாசமாகப் பிறந்தான் பையன். மூன்று கிலோ நூறு கிராம்!

இருமல் சுத்தமாக நின்றபிறகு, போன ஞாயிறு பார்க்கப் போனேன். வாசலில் கன்னியம்மா. புறங்கையால் என் நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள். முழங்கை வரை சோப்பு போட வைத்தாள். அப்புறம்தான் வழி விட்டாள்.

அமுலு குழந்தையை என் மடியில் வைத்தாள். கீர்த்தியை மூன்று மாதம் வரைக்கும் தூக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இவன் பிறந்து ஒன்பதே நாள், மடி நிறைய இருந்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குனிந்து கன்னத்தில் ஒரே ஒரு முத்தம் கொடுக்கலாம் என்று பார்த்தேன்...

“ஆச்சும்மா, போதும், குடு” என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள் கன்னியம்மா. “நீ பஸ்ல வந்த ஆளு.”