தலைமறைவாகச் செல்லச் சம்மதம்

நேசமலர் டீச்சர் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்காரி. வெள்ளவத்தைப் பாடசாலையொன்றில் பத்தொன்பது வருஷமாகப் புவியியல் படிப்பிக்கிறார். காரீயச் சுரங்கத்தின் குறுக்குவெட்டு முகத்தைப் புத்தகம் பாராமலே கரும்பலகையில் கீறுவார். ஆனால் ஒரு சுரங்கத்தையும் நேரில் கண்டதில்லை. குருநாகல் பக்கமிருந்த பழைய சுரங்கமொன்றுக்குப் பத்தாந் தரப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஐந்து வருஷமாகக் கேட்டு வந்தார். இந்த வருஷந்தான் அதிபர் தலையாட்டினார். தமிழ் மொழிமூல வகுப்பும் ஆங்கில மொழிமூல வகுப்பும் சேர்ந்து போவதென்று முடிவானது.

பெற்றோருக்கான சம்மதப் படிவத்தைத் தமிழில் டீச்சரே கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். சுற்றுலாவுக்குப் பொறுப்பான சுமன் சேர் அதை எங்கோ வைத்துவிட்டு, ஆங்கிலப் படிவத்தைக் கணினியில் போட்டு மொழிபெயர்த்து, அச்சடித்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். அந்தக் கிழமை டீச்சர் விடைத்தாள் திருத்தப் போயிருந்தார். திங்கட்கிழமை வந்து பார்த்தால், தமிழ் வகுப்பின் முப்பத்தொரு படிவங்களில் ஒன்பதில்தான் கையொப்பம்.

படிவத்தை வாசித்ததும் காரணம் விளங்கியது. ‘எனது பிள்ளை தலைமறைவாகச் செல்வதற்கு இத்தால் சம்மதிக்கிறேன்.’ நிலத்துக்குக் கீழே இறங்குவதற்கும் ஒளிந்து வாழ்வதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். கணினி அதில் பிழையானதைப் பிடித்துக்கொண்டது.

“சேர், இதைக் குடுக்கிறதுக்கு முதல் ஒருக்கா வாசிச்சனீங்களா?”

“எல்லாம் சரியாத்தான் வரும் எண்டு விட்டிட்டன் மிஸ். சின்னப் பிழைதானே. பேனையால வெட்டி எழுதிவிடுங்கோவன். புதுசா அடிக்க இனி நேரமில்லை.”

டீச்சர் இருபத்திரண்டு படிவங்களிலும் அந்தச் சொல்லை வெட்டி, ‘சுரங்கத்தினுள் இறங்குவதற்கு’ என்று எழுதினார். இரண்டு நாளாக வீடு வீடாகப் போன் எடுத்து விளக்கினார். இருபத்தொரு பேர் கையொப்பம் வைத்தார்கள். மிஞ்சியது ஜிந்துப்பிட்டிப் பழனியம்மா. அவர் மகள் ஷர்மினியுடன் நேரே பாடசாலைக்கு வந்தார்.

“கோவமில்ல டீச்சர்,” என்றார். “எங்க அண்ணன தேடி வந்தவங்க இந்த வார்த்தயத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாங்க. தலமறவா இருக்கானா, எங்க இருக்கான்னு. அதுக்குப் பொறகு அண்ணன நாங்க பாக்கல. நீங்க வெட்டித்தான் இருக்கீங்க. ஆனா அடியில எழுத்து தெரியுதே. புள்ள பஸ்ஸுல வரட்டும். உள்ள மட்டும் எறக்காதீங்க.”

டீச்சருக்கு அவரை வற்புறுத்த மனம் வரவில்லை.

சுரங்க வாசலில் இருந்த அதிகாரி சிங்களக்காரர். படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, இரண்டு அடுக்காகப் பிரித்தார். வெட்டித் திருத்திய படிவம் காப்புறுதிக்குச் செல்லாது என்றார். டீச்சர் சிங்களத்தில் எவ்வளவோ விளக்கினார். அதிபருக்கு மூன்று தரம் போன் எடுத்தார். பதிலில்லை. ஆங்கில வகுப்பு முழுவதும் உள்ளே போகலாம். தமிழ் வகுப்பில், வாசிக்காமலே கையொப்பம் வைத்த ஒன்பது பேரின் பிள்ளைகளும் போகலாம்.

“மாத்தயா, அந்த ஒன்பதிலதான் பிழை இருக்கு,” என்றார் டீச்சர்.

“படிவம் துப்புரவா இருக்கே மிஸ்,” என்றார் அவர்.

மற்ற இருபத்திரண்டு பேருடன் யாராவது மேலே நிற்கவேண்டும். பெயர்ப் பட்டியல் தன் கையில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு சுமன் சேர் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டார்.

தகரக் கொட்டகை நிழலில் பிள்ளைகளை இருத்தி, டீச்சர் ஒரு தடியால் மண்ணில் சுரங்கத்தைக் கீறத் தொடங்கினார். கோடு ஒன்றும் நேராக வரவில்லை. ஷர்மினி எட்டிப் பார்த்தாள்.

“உள்ள இப்பிடித்தான் இருக்குமா டீச்சர்?”

“புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு,” என்றார். தன் குரலில் இருந்த எரிச்சல் அவருக்கே கேட்டது. பிள்ளை முகம் வாடி விலகிப் போனாள். அதைப் பார்த்து இன்னும் எரிந்தது. தடியை எறிந்துவிட்டு, எல்லாரையும் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கச் சொன்னார்.

ஒன்றரை மணித்தியாலத்தில் மற்றவர்கள் மேலே வந்தார்கள். சுமன் சேர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பெரிசா ஒண்டுமில்லை மிஸ். இருட்டும் ஈரமுந்தான்,” என்றார்.

“அந்த இருட்டைப் பாக்கத்தான் சேர் நான் அஞ்சு வருஷம் கேட்டனான்,” என்றார் டீச்சர். கொழும்பு வரும்வரை அவருடன் கதைக்கவில்லை.

அந்த இருபத்திரண்டு பேரையும் இன்னொரு நாள் கூட்டிப்போக அனுமதி கேட்டு அதிபருக்குக் கடிதம் கொடுத்தார். மூன்று கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. ஒரு வகுப்புக்கு வருஷத்தில் ஒரு சுற்றுலா. அடுத்த வருஷம் அவர்கள் சாதாரண தரப் பரீட்சை எழுதுபவர்கள். அவர்களுக்குச் சுற்றுலாவே இல்லை. கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது: இனிமேல் தமிழில் போகும் எல்லாப் படிவங்களையும் நேசமலர் டீச்சரே பார்த்துத் திருத்தவேண்டும்.

இப்போது விளையாட்டுப் போட்டி, டெங்கு சிரமதானம், பல் பரிசோதனை என்று எல்லா அறிவித்தல்களும் அவர் மேசைக்கு வருகின்றன. பாடமில்லாத நேரமெல்லாம் அதற்கே சரி.